வெள்ளி ஜெல் பற்றிக் கேட்டாயே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காய்ச்சல், அதனால்தான் தாமதம். இப்போது வீடு முழுக்க ஓடுகிறாள்.

மாமாவின் கால் புண்ணைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். மருந்துக் கடையில் 'நானோ சில்வர் ஜெல்' என்று ஒரு டியூப் கொடுத்தார்களாம், போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நல்ல மருந்துதான். ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதே.

தீப்புண் வார்டில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க எங்களுக்கு வெள்ளைக் களிம்புதான், சில்வர் சல்ஃபாடயசின். 1968-ல் அமெரிக்காவில் சார்லஸ் ஃபாக்ஸ் என்ற மருத்துவர் கொண்டுவந்தது. எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் பூசிய களிம்பு மறுநாள் புண்மேல் மஞ்சளாக ஏடு கட்டிவிடும். அதைத் துடைத்தெடுத்தால்தான் அடுத்த பூச்சு. ஸ்டவ் வெடித்து வந்த ஒரு சின்னப் பெண், டிரெஸ்ஸிங் வண்டி உருளும் சத்தம் கேட்டாலே தலையணையைக் கடித்துக்கொள்வாள்.

அதனால்தான் புனேயில் அகர்கர் ஆராய்ச்சி நிலையத்தார் 2009-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். 7 முதல் 20 நானோமீட்டர் வரை உள்ள வெள்ளித் துகள்களை ஜெல்லில் கலந்திருந்தார்கள். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் ஒரு கூறுதான் நானோமீட்டர். வெள்ளைக் களிம்பில் இருக்கும் வெள்ளியில் முப்பதில் ஒரு பங்கை வைத்தே, பரிசோதனைக் கூடத்தில் அதற்கு ஈடாகக் கிருமிகளை அடக்கியது. பச்சைச் சீழ் வைக்கும் சூடோமோனாஸ் என்ற கிருமி, துகள்கள் சற்று நேரம் பட்டதற்கே பத்தரை மணி நேரம் தலைதூக்கவில்லை. ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி மட்டும் ஒன்றேகால் மணி நேரத்தில் மறுபடி பெருக ஆரம்பித்துவிட்டது. வெள்ளி தொடர்ந்து கசிந்துகொண்டே இருக்க வேண்டும் என்று ஜெல்லாகச் செய்ததற்கு அதுவே காரணம்.

நம் கொலுசு கருத்துப்போகுமே, அது வெள்ளிக்குக் கந்தகத்தின் மேல் உள்ள பிடிப்பு. கிருமிக்குள் வேலைகளை நடத்தும் நொதிகளிலும் (என்சைம்) கந்தகம் உண்டு. வெள்ளி அயனி, அதாவது மின்னேற்றம் உள்ள வெள்ளி அணு, போய் அதைப் பற்றிக்கொண்டால் நொதி முடங்கிவிடும். புண்ணில் ஊறும் நீரிலோ உப்பு இருக்கிறது, ஒரேயடியாக வெளிவரும் அயனிகளை அது பிடித்து வைத்துவிடும். துகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அயனியை விடும், அதுதான் அதன் நன்மை.

சரி, மாமாவுக்கு வருவோம். வெள்ளிக்கு நம் செல், கிருமியின் செல் என்ற பேதம் கிடையாது. அளவு மீறினால் புதிதாக வளரும் தோலும் வாடும். சீழும் நாற்றமும் அடங்கி, அடியில் சிவப்பாகச் சதை வளர ஆரம்பித்தால் டாக்டரிடம் கேட்டு நிறுத்திவிடு. 1975-லேயே பாஸ்டனில் ஒரு தீப்புண் பிரிவில் வெள்ளிக்கு அடங்காத சால்மோனெல்லா என்ற கிருமி பரவியிருக்கிறது. அதனால் நாள்கணக்கில்லாமல் பூசுவது ஆபத்து.

எங்கள் அண்ணனுக்குச் செருப்பு கடித்த கொப்புளம். இரண்டு மாதம் வீட்டிலேயே களிம்பு மாற்றி மாற்றிப் பூசினார்கள். செத்த சதையை யாரும் எடுக்கவில்லை, சுகரும் பார்க்கவில்லை. நான் போய்க் கட்டை அவிழ்த்தபோது சுண்டுவிரல் கருத்திருந்தது, எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவருக்கு வலியே தெரியவில்லை, மல்லிகா. சர்க்கரை நரம்பைத் தின்றிருந்தது. மாமா வலிக்கவில்லை என்று சொல்கிறார் என்று நீ எழுதிய வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

இந்த வாரமே சர்ஜனிடம் அழைத்துப் போ. செத்த சதையை எடுக்கட்டும், எந்தக் கிருமி என்று பார்க்கச் சீழைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பட்டும், காலுக்கு ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்கட்டும். அந்தக் காலில் பாரம் போடாமல் பார்த்துக்கொள். காய்ச்சலோ, சிவப்பு மேலே ஏறுவதோ, கருப்போ தெரிந்தால் அன்றே ஆஸ்பத்திரி.

அப்புறம், புண்ணைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு வைத்து எடு, அளவு தெரியும்.

அன்புடன்,
ராஜி