படித்தது பெரியவன் சீட்டு, மறுத்தது சின்னவள் கிளெய்ம்

அனுப்புநர்:
பாலிசிதாரர், உறையூர், திருச்சி

பெறுநர்:
குறைதீர் அதிகாரி, மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு, தலைமை அலுவலகம், சென்னை

நாள்: 16-02-2026

பொருள்: 4 வயதுக் குழந்தையின் வயிற்றுப்போக்கு சிகிச்சைக்கான ரூ. 40,920 கிளெய்மை 09-02-2026 அன்று தவறான ஆவணத்தைப் பார்த்து நிராகரித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நாலுக்கும் "உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான் வந்தது. இதற்காவது ஒரு மனிதர் படித்துவிட்டுப் பதில் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் நிராகரிப்புக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். "ஆண், வயது 7, எடை 21 கிலோ. வாய்வழி நீர்ச்சத்தை நன்றாக ஏற்றுக்கொண்டது. உள்நோயாளி சிகிச்சை அவசியமில்லை." நான் கிளெய்ம் போட்டது என் மகளுக்கு. வயது 4. அட்மிட் ஆன அன்று எடை 12.6 கிலோ. நீங்கள் படித்தது என் மூத்த மகனின் ஓ.பி. சீட்டு. அவனை அட்மிட் செய்யவே இல்லை. 24 மணி நேரம் படுக்கையில் இல்லாததால் அவனுக்கு நான் ஒரு பைசா கூடக் கேட்கவும் இல்லை. தண்ணீர் குடிக்க முடிந்த பிள்ளையின் சீட்டைப் பார்த்துவிட்டு, குடிக்கவே முடியாமல் கிடந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரி தேவையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் மூன்று பேர் கையெழுத்து. ஒருவர் கண்ணிலுமா "ஆண்" என்ற சொல் படவில்லை?

நான் மருந்துக்கடையில் 18 வருஷமாக நிற்பவன். இந்த நோய் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அரையாண்டு லீவில் குற்றாலம் போய்விட்டு டிசம்பர் 28, ஞாயிறு அன்று வேனில் திரும்பும்போது இரண்டு பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்து ஆரம்பித்தது. ராஜபாளையம் தாண்டுவதற்குள் சின்னவளுக்கு ஆறு தடவை போய்விட்டது, கூடவே வாந்தி. கையில் 4.2 கிராம் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி) பாக்கெட்டுகள் இருந்தன. ஒரு பாக்கெட்டுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் 200 மி.லி., அளந்துதான். பாதி பாக்கெட், கால் டம்ளர் என்று கண் மதிப்பில் கலக்கினால் உப்பு ஏறிவிடும், அல்லது போதாமல் போகும். டீஸ்பூனில் 5 மி.லி., ஒன்றிரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் நிறுத்தி, பிறகு இன்னும் மெதுவாக. பெரியவனுக்குக் குடித்தது வயிற்றில் தங்கியது. சின்னவளுக்கு மூன்று மணி நேரத்தில் உள்ளே போனதை விட வெளியே வந்தது அதிகம். அதன் பிறகு ஸ்பூனை உதட்டில் வைத்தால் விழுங்கவில்லை, ஓரமாக வழிந்தது. "வீட்டிலேயே முயற்சி செய்தீர்களா?" என்ற உங்கள் முதல் கேள்விக்கு இதுதான் பதில். இதை ஜனவரி 8-ம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மதுரையில் இரவு 9.40-க்கு அட்மிஷன். கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் எழுதியது: கண் குழிந்திருக்கிறது, கூப்பிட்டால் சரியாக விழிக்கவில்லை, குடிக்க முடியவில்லை, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் இரண்டு வினாடிக்கு மேல் மடிந்தே நிற்கிறது, கை கால் சில்லென்று இருக்கிறது, காலையிலிருந்து சிறுநீர் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியில் இவற்றில் முதல் நான்கு அறிகுறிகளில் இரண்டு இருந்தாலே கடுமையான நீரிழப்பு. அதற்கான சிகிச்சைக்குப் பெயர் பிளான் சி. ஸ்பூனும் டம்ளரும் அங்கே உதவாது. நரம்பில்தான் ஏற்ற வேண்டும், கிலோவுக்கு 100 மி.லி. ரிங்கர் லாக்டேட். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு முதல் அரை மணியில் கிலோவுக்கு 30, அடுத்த இரண்டரை மணியில் கிலோவுக்கு 70. 12.6 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் முதலில் 380, பிறகு 880. டிரிப்ஸ் சார்ட்டில் அப்படியே இருக்கிறது, நேரத்தோடு.

ஐ.சி.யூ. எதற்கு என்று இரண்டு தடவை கேட்டீர்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 2.6, ரொம்பக் குறைவு. வயிறு உப்பி, குடல் சத்தம் குறைந்திருந்தது. பொட்டாசியத்தை எடுத்த எடுப்பில் டிரிப்ஸில் கலக்க மாட்டார்கள், சிறுநீர் இறங்குவது உறுதியான பிறகுதான் கலப்பார்கள். வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தவறும். அதனால் ஈ.சி.ஜி. மானிட்டரில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு இரவு. 31-ம் தேதி டிஸ்சார்ஜ் ஆகும்போது எடை 13.9 கிலோ. மூன்று நாளில் 1.3 கிலோ சதை போடவில்லை ஐயா, அது முழுக்க இழந்த தண்ணீர். அந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் போதும், இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

இப்போது ஜனவரி 29-க்கு வருகிறேன். அதை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

"அசல் ஆவணங்களோடு நேரில் வரவும்" என்று குறுஞ்செய்தி வந்தது. திருச்சியிலிருந்து பல்லவன் ரயில் பிடித்து, மதியம் ஒரு மணிக்கு உங்களுக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் டி.பி.ஏ. அலுவலகம் வந்து சேர்ந்தேன். சாப்பாட்டு நேரம், இரண்டு மணிக்கு வாங்க என்றார்கள். இரண்டரைக்கு டோக்கன். மூன்றே கால் மணிக்கு 7-ம் கவுண்டர். திரும்பும் பல்லவனை விட்டாயிற்று, அது வேறு கதை.

அந்த 7-ம் கவுண்டர் ஊழியர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. விரலில் எச்சில் தொட்டுத் தொட்டு ஃபைலைப் புரட்டினார். பிறகு பக்கத்து மேஜைக்குக் கேட்கிற மாதிரி, "வயித்தால போறதுக்கெல்லாம் ஐ.சி.யூ-வா சார்? எங்க வீட்ல ரெண்டு எளநி குடுத்தா நின்னுரும்" என்றார். பக்கத்து மேஜை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் சொற்பம். பேதியில் அடித்துக்கொண்டு போவது முக்கியமாக சோடியம். சாதாரண வயிற்றுக் கோளாறுக்கு இளநீர் தப்பில்லை. பத்துப் பதினைந்து தடவை போன குழந்தைக்கு அது மருந்து ஆகாது. இதைப் பொறுமையாகத்தான் சொன்னேன். உடனே, "அப்ப கடைல டெட்ரா பாக்கெட் ஓ.ஆர்.எஸ். விக்குதே, அதக் குடுத்திருக்கலாமே" என்றார்.

மருந்துக்கடைக்காரனிடமே சொல்கிறார்! சரியான ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. சோடியமும் குளுக்கோஸும், எடையில் அல்ல, மில்லிமோல் கணக்கில் 75-க்கு 75 என்று சமமாக நின்றால்தான் குடல் இரண்டையும் சேர்த்து இழுக்கும், தண்ணீர் பின்னாடியே வரும். சர்க்கரை பல மடங்கு இருக்கிற ஆப்பிள் ருசி பானத்தைக் கொடுத்தால் தண்ணீர் தலைகீழாகக் குடலுக்குள் இறங்கும், பேதி கூடும். இதனால்தான் 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தே வரக்கூடாது என்று உத்தரவு போட்டது. மருத்துவக் காப்பீடு விற்கிற நிறுவனத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவில்லை. கேட்டால், "சார், எங்களுக்கு டெய்லி இருநூறு ஃபைல், உங்க கதைய அப்புறம் சொல்லுங்க."

அவர் செய்த இன்னொரு காரியம்தான் முக்கியம். ஃபைலின் டேக்கை உருவி, தாள்களை மேஜையில் பரப்பி, ஜெராக்ஸ் எடுத்து, கைக்கு வந்த வரிசையில் திரும்பக் கோத்தார். பெரியவனின் ஓ.பி. சீட்டு ஃபைலின் கடைசியில் இருந்தது. கோத்து முடித்தபோது அது கேஸ் ஷீட்டுக்கு மேலே வந்திருந்தது. "சார், அது வேற பிள்ளையோடது" என்று அங்கேயே சொன்னேன். "எல்லாம் உள்ள பாத்துப்பாங்க" என்றார். பார்த்த லட்சணம் பிப்ரவரி 9-ல் தெரிந்தது.

பெரியவன் சீட்டு அந்த ஃபைலுக்குள் எப்படி வந்தது தெரியுமா? நீங்கள் கேட்டீர்கள். ஜனவரி 19-ம் தேதி மூன்றாவது கேள்விக் கடிதத்தில், "ஒரே உணவை உண்ட வேறு யாருக்கேனும் பாதிப்பு ஏற்பட்டதா, ஆதாரம் இணைக்கவும்" என்று. அதனால்தான் இணைத்தேன். அவனுக்கு மிதமான நீரிழப்பு, பிளான் பி. 21 கிலோவுக்குக் கிலோவுக்கு 75 மி.லி. வீதம் நாலு மணி நேரத்தில் 1,600 மி.லி. ஓ.ஆர்.எஸ். காஷுவாலிட்டியில் உட்கார்ந்து குடித்தான், துத்தநாக மாத்திரை 20 மி.கி. 14 நாளுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். நீங்கள் கேட்டு வாங்கிய ஆதாரத்தை வைத்தே எங்கள் கழுத்தை அறுத்திருக்கிறீர்கள்.

அதே கடிதத்தில் "உணவு விஷம் எனில் ஹோட்டல் பில் மற்றும் போலீஸ் தகவல் நகல்" வேறு. எந்த ஹோட்டல் என்று சொல்வது? சமைத்த பண்டத்தில் ஊறிய நச்சு என்றால் ஒன்றிலிருந்து ஆறு மணிக்குள் வாந்தி வரும். தண்ணீரில் வந்த கிருமி என்றால் ஒன்றிலிருந்து மூன்று நாள். வைரஸ் என்றாலும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்று நாளில் ஒன்பது இடத்தில் சாப்பிட்டிருக்கிறோம். ஐயப்ப சீசன் கூட்டத்தில் அருவித் தண்ணீரைப் பிள்ளைகள் எத்தனை வாய் விழுங்கினார்களோ! டிஸ்சார்ஜ் சம்மரியில் எங்கேயும் உணவு விஷம் என்று டாக்டர் எழுதவில்லை. அது உங்கள் ஆளின் கற்பனை.

மலக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட் மூன்று தடவை கேட்டீர்கள். ரத்தமோ சளியோ இல்லாத தண்ணீர்ப் பேதிக்கு வழக்கமாகக் கல்ச்சர் அனுப்ப மாட்டார்கள். வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதற்குள் பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும், சிகிச்சையும் அதனால் மாறாது. காலரா சந்தேகத்துக்கு மட்டும் ஸ்லைடு பார்த்தார்கள், இல்லை என்று வந்தது, அது 11-ம் பக்கம். தேவையில்லாத டெஸ்ட் எடுத்திருந்தால் "தேவையற்ற பரிசோதனை" என்று அதையும் கழித்திருப்பீர்கள். எனக்குத் தெரியாதா?

கேஷ்லெஸ், அதாவது நாங்கள் கட்டாமல் நீங்களே ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்டும் விஷயத்தையும் விட்டுவிட முடியாது. அட்மிஷன் அன்று இரவு 10.15-க்கே உங்கள் ஹெல்ப்லைனுக்குச் சொல்லியாயிற்று. "நெட்வொர்க்கில் இல்லை, திருச்சிக்குக் கொண்டு போங்கள்" என்றார்கள். நாடி சரியாகக் கிடைக்காத பிள்ளையை இன்னும் 135 கிலோமீட்டரா? 2024 ஜனவரியிலிருந்தே நெட்வொர்க்கில் இல்லாத ஆஸ்பத்திரியிலும் கேஷ்லெஸ் உண்டு, அவசர அட்மிஷன் என்றால் 48 மணிக்குள் தகவல் சொன்னால் போதும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து அறிவித்தன. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கை, கேஷ்லெஸ் கேட்டால் ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லச் சொல்கிறது. எனக்கு முடிவு வந்தது 30-ம் தேதி மாலை. மறுப்பு.

மொத்த பில் ரூ. 42,160. டயபர், கையுறைக்கான ரூ. 1,240 கிடைக்காது என்று தெரிந்து நானே கழித்துவிட்டுத்தான் 40,920 கேட்டேன். இந்த 50 நாளில் கடையை எத்தனை நாள் மூடினேன் என்று கணக்கில்லை. வாடிக்கை எல்லாம் எதிர்க்கடைக்குப் போய்விட்டது, பத்து வருஷச் சேமிப்பு கரைந்துவிட்டது, இனி எங்கள் குடும்பத்தில் சுற்றுலா என்ற பேச்சையே யாரும் எடுக்கப் போவதில்லை. இதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு. அந்த 7-ம் கவுண்டர் சிரிப்புக்கு விலை போட முடியாது, ஆனாலும் மன உளைச்சலுக்கு 5 லட்சம் கேட்பதாக இருக்கிறேன்.

உங்கள் நிறுவனத்தில் ஆறு வருஷமாக ஒரு நாள் தவறாமல் பிரீமியம் கட்டுகிறேன். சண்டை போடும் எண்ணம் எனக்கு இல்லை. தயவுசெய்து கேஸ் ஷீட்டை எடுத்து, ஒரு குழந்தை மருத்துவரிடம் கொடுத்து, பத்து நிமிஷம் படிக்கச் சொல்லுங்கள். பெண், 4 வயது, 12.6 கிலோ. அதன் பிறகு பணத்தை அனுப்புங்கள். அந்தக் கவுண்டர் ஊழியர் எழுத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். எந்தக் கிளெய்மையும் உங்கள் கிளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் நிராகரிக்கக் கூடாது என்பது விதி. குழு கூடியது என்றால் அந்தக் குறிப்பின் நகலையும் கொடுங்கள். கூடவில்லை என்றால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள்.

ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் சென்னை காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவேன். அங்கே வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. தீர்ப்பு வந்து 30 நாளில் நீங்கள் கட்டாவிட்டால் நாளுக்கு ரூ. 5,000 எனக்கு வரும், உங்களுக்கே தெரியும். அங்கே திருப்தி இல்லையென்றால் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் திருச்சியிலேயே வழக்குப் போடலாம், பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்பதால் அதற்கும் கட்டணமில்லை. பல்லவன் பிடித்து வருவது இனி உங்கள் ஆட்களின் முறையாக இருக்கும்.

கேஸ் ஷீட், டிரிப்ஸ் சார்ட், எடைக் குறிப்பு, லேப் ரிப்போர்ட், 19-01 தேதியிட்ட உங்கள் கேள்விக் கடிதம் எல்லாவற்றின் நகலும் பக்க எண் போட்டு, நூல் கட்டி இணைத்திருக்கிறேன். தயவுசெய்து யாரும் அவிழ்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்

பி.கு.: பெரியவனின் ஓ.பி. சீட்டு அசல் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. பள்ளியில் லீவு லெட்டரோடு கேட்கிறார்கள். அதைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பவும்.