கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டோமேடிக் கார் வாங்குவோருக்காக உங்கள் நாளிதழில் வந்த ஆலோசனைக் கட்டுரையைப் படித்தேன். மைலேஜ் முதல் தொடுதிரை வரை எல்லாம் இருந்தது, கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி மட்டும் ஒன்றுமே இல்லை. பழுதான ஆட்டோமேடிக் கியர்பாக்ஸ்களைப் பிரித்துச் சரிசெய்வதே என் பிழைப்பு என்பதால் இதை எழுதுகிறேன்.

"எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றினேனே, கியர்பாக்ஸ் ஆயில் மாற்றவே வேண்டாம் என்றுதானே விற்கும்போது சொன்னார்கள்" என்று வருகிறவர்கள் பலர். டார்க் கன்வர்ட்டர் (எஞ்சினின் விசையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் பாகம்) உள்ள கியர்பாக்ஸில் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. எஞ்சினின் விசையைக் கடத்துவது, கிளட்ச் பிளேட்டுகளை அழுத்திப் பிடிப்பது, உள்ளே பிறக்கும் சூட்டை வெளியே கொண்டுபோவது எல்லாமே அதன் வேலை. சூடு ஏற ஏற ஆயில் கெடும். கெட்ட ஆயிலில் கிளட்ச் வழுக்கும், வழுக்கினால் இன்னும் சூடு. தேய்ந்த பிளேட்டின் தூள், ஆயிலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். பல கார் நிறுவனங்களுக்கு கியர்பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேட்பதா, விற்பவன் பேச்சைக் கேட்பதா?

வண்டியோடு வரும் கையேட்டில் கடினப் பயன்பாட்டுக்கெனத் தனிக் கணக்கு இருந்தால் அதையும் பாருங்கள். நின்று நின்று நகரும் நெரிசல், மலைப்பாதை, அதிக பாரம், கடும் வெயில் இதெல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

கியர் லீவரை டி-யில், அதாவது முன்னே போகும் நிலையில், போட்டதும் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தாலோ, எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறாவிட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆயில் கறுத்துக் கருகிய வாடை வந்துவிட்டால், மாற்றினாலும் பெரும்பாலும் பலன் இல்லை. பிளேட் ஏற்கெனவே எரிந்திருக்கும். அப்புறம் புது ஆயில்தான் கெடுத்தது என்று சண்டைக்கு வருவார்கள்!

இன்னொன்று, கீழே போல்ட்டைக் கழற்றினால் ஆயில் முழுவதும் வடியாது. கணிசமான பகுதி கன்வர்ட்டருக்குள்ளேயே தங்கிவிடும். அதனால் சற்று ஓட்டிவிட்டு மறுபடியும் மாற்றுவது நல்லது. அளவையும் கையேடு சொல்லும் சூட்டில்தான் பார்க்க வேண்டும். கியர்களுக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி வகைக்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்ததை ஊற்றினால் பெல்ட் போய்விடும். ஏஎம்டி என்பது உள்ளே மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சையும் கியரையும் நமக்குப் பதில் வண்டியே இயக்கும், அவ்வளவுதான். நான் சொல்வது அதற்குப் பொருந்தாது.

ஓட்டும் பழக்கத்தில், வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸ் போட வேண்டும் என்பதைச் சொன்னால் போதும்.

அடுத்த முறை வேறெதற்கும் இடமில்லாவிட்டாலும், பழுதாகி நின்ற ஆட்டோமேடிக் காரைக் கயிறு கட்டி இழுக்காமல் லாரியில் ஏற்றிச் செல்லச் சொல்லி எழுதுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆயில் பம்ப்பை ஓட்டுவது எஞ்சின். அது நின்றிருக்க, சக்கரம் மட்டும் உருண்டால் உள்ளே சுழலும் பாகங்களுக்கு ஆயில் போகாது. எஞ்சின் கோளாறோடு புறப்பட்ட வண்டி, கியர்பாக்ஸும் போய் என்னிடம் வந்து சேர்கிறது.

இப்படிக்கு,
ஒரு கியர்பாக்ஸ் மெக்கானிக்