தானப் பத்திரம் எழுதும் நாளிலேயே முதியோருக்கு வழக்கறிஞர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகங்களில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் பற்றிய செய்திகளில், வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்கு வழியின்றி மனுவோடு நிற்கும் முதியவரின் படத்தை அவ்வப்போது பார்க்கிறோம். படிப்பவர்கள் பிள்ளையைத் திட்டுகிறார்கள், அது நியாயம்தான். ஆனால் இராமநாதபுரத்தில் நெடுங்காலமாக வழக்கறிஞர் தொழில் செய்துவரும் எனக்கு, அந்தச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் மனம் சார் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போகிறது. அந்த முதியவர் கைநாட்டு வைத்த நாளில் பத்திர எழுத்தர் இருந்திருப்பார், சாட்சிகள் இருவர் இருந்திருப்பார்கள், செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட மகனோ மருமகனோ இருந்திருப்பார். முதியவருக்காக மட்டும் பேசக்கூடியவர் என்று ஒருவரும் பெரும்பாலும் இருந்திருக்க மாட்டார்.

குடும்பத்துக்குள் சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு நம் மாநிலத்தில் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம்தான். 2023 ஜூலையில் உச்சவரம்பை உயர்த்திய பிறகும் தீர்வை 40,000 ரூபாயையும் பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயையும் தாண்டுவதில்லை. கிரயத்தோடு ஒப்பிட்டால் இது சொற்பம் என்பதால், சொத்தை அடுத்த தலைமுறைக்கு மாற்ற எல்லாரும் இந்த வழியையே நாடுகிறார்கள். அந்தப் பத்திரத்தின் வாசகமோ ஆண்டாண்டு காலமாக ஒரே அச்சில் வருவது. அன்பும் பிரியமும் காரணமாகக் கொடுக்கிறேன், இன்றே சுவாதீனத்தை ஒப்படைத்துவிட்டேன், எக்காரணத்தை முன்னிட்டும் இதை ரத்து செய்வதில்லை என்று எழுதி முடிப்பார்கள். கொடுப்பவருடைய சாப்பாடு, மருந்து, படுக்க ஓர் அறை ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-ல் வந்தது. அதன் 23-ஆம் பிரிவின்படி, தன்னைப் பராமரிக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயதைக் கடந்த ஒருவர் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அந்த நிபந்தனையை மீறினால், அந்த மாற்றம் மோசடியால் நடந்ததாகவே கருதப்பட்டு, கொடுத்தவரின் விருப்பப்படி செல்லாததாக்கப்படலாம். சிக்கல் ‘நிபந்தனையோடு’ என்ற இடத்தில்தான். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததாக நிலைநாட்டாமல் இந்தப் பிரிவைப் பயன்படுத்த முடியாது என்றது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு, இது முதியோர் நலனுக்காக இயற்றப்பட்ட சட்டமாகையால் தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்று கூறி, ஒரு தாய்க்குச் சொத்தைத் திருப்பித் தரச் செய்தது. அவ்வழக்கில் தானப் பத்திரத்தோடு, பராமரிக்கத் தவறினால் தாய் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று மகன் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட தனி உறுதிமொழித் தாளும் சேர்த்தே பார்க்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், நாகப்பட்டினத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், அன்பின் காரணமாகக் கொடுத்தது என்பதிலேயே பராமரிக்கும் கடமை உள்ளடங்கியிருக்கிறது என்று இன்னும் ஒரு படி மேலே போனது. முதியோருக்கு இவை ஆறுதலான தீர்ப்புகள்தான். என்றாலும் எழுபது வயதுக்காரர் ஒருவர் உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் தன் வீட்டுத் திண்ணையை மீட்கவேண்டும் என்றால், தொடக்கத்திலேயே ஒரு வரியை எழுதிவிடுவது எவ்வளவோ மேல். ‘என் ஆயுள் உள்ளவரை என்னை உடன் வைத்துப் பராமரிக்கவேண்டும், தவறினால் இந்த ஏற்பாட்டை ரத்து செய்ய எனக்கு உரிமை உண்டு’ என்ற அந்த வரிக்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. வீட்டில் ஆயுள்கால அனுபவ உரிமையைத் தனக்கே நிறுத்திக்கொண்டு எழுதிவிட்டால் இன்னும் உறுதி.

கடற்கரை ஊர்களில் வேறொரு சங்கதியும் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் ஒரு மீனவரின் பெரிய சொத்து பல வேளைகளில் வீடாக இருக்காது; வல்லமோ விசைப்படகோதான் அவருடைய சொத்து. வயதாகிக் கடலுக்குப் போக முடியாதபோது படகின் பதிவை மீன்வளத்துறை அலுவலகத்தில் மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துவிடுகிறார். சார் பதிவாளரிடம் போகாத சொத்து என்பதால் இந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று வழக்கறிஞர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் 2-ஆம் பிரிவோ அசையும் சொத்து, அசையாச் சொத்து, பூர்வீகம், சுயார்ஜிதம் (சுயமாகச் சம்பாதித்தது) எல்லாவற்றையும் ‘சொத்து’ என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே படகும் வலையும் இயந்திரமும், மகளுக்குக் கழற்றிக் கொடுத்த நகையும்கூட அதில் அடங்கும். படகைப் பெயர் மாற்றும் அன்றே, பிடிபடும் மீனில் இத்தனை பங்கு அப்பாவுக்கு என்றும் அவருடைய பராமரிப்பு இன்னார் பொறுப்பு என்றும் ஒரு தாளில் எழுதி இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து வாங்கிவைத்தால், பின்னாளில் அதுவே அவருக்குத் துணை நிற்கும். இதை எழுதித் தரும் வழக்கறிஞரை நம் கரையில் தேடித்தான் பிடிக்கவேண்டியிருக்கிறது.

கீழக்கரையில் மகளின் திருமணத்தையொட்டி வீட்டை அவள் பெயருக்குக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. கொடுக்கும் தகப்பனார் அப்போது திடகாத்திரமாகத்தான் இருப்பார். அவரைப் பராமரிப்பது யார் என்ற கேள்வி எழுவது இருபது ஆண்டுகள் கழித்து. முஸ்லிம் சட்டப்படி ஹிபா எனப்படும் கொடைக்குக் கொடுப்பவரின் அறிவிப்பும், பெறுபவரின் ஏற்பும், சுவாதீன ஒப்படைப்பும் இருந்தால் போதும், எழுத்து கட்டாயமில்லை. உயில் மூலம் கொடுக்கலாம் என்றால், சன்னி முஸ்லிம் சட்டப்படி மகளும் ஒரு வாரிசு என்பதால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காமல் அது செல்லாது; வாரிசல்லாதவருக்கும் அவர்கள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் என மூன்று சமூகத்தாரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் நம் ஊர்களில், முதியோர் சட்டத்தைத் தொழிலாகக் கொள்பவருக்கு இவை அனைத்தும் தெரிந்திருக்கவேண்டும்.

அமெரிக்காவில் முதியோர் சட்டம் தனிக் கிளையாக 1980-களிலேயே உருப்பெற்றுவிட்டது. அதற்கென வழக்கறிஞர் சங்கமும், தேர்வு வைத்துச் சான்றளிக்கும் அமைப்பும் அங்கே உண்டு. நம் நாட்டில் அப்படிச் சான்று பெற்ற தனித்துறை எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முதியோரின் மனுக்களை விசாரிக்கும், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் ஆஜராகக் கூடாது என்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2021-ல் அந்தத் தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. வசதியுள்ள மகன் பெரிய வழக்கறிஞரை அமர்த்திவிட்டால் முதியவர் திணறிப்போவார் என்ற எண்ணத்தில் வைத்த தடை அது என்பதால், எனக்கு அதன்மீது முழு வெறுப்பும் இல்லை. ஆனால் இளம் வழக்கறிஞர்கள் அந்த ஒரு பிரிவைப் பார்த்துவிட்டு ‘இதில் நமக்கு வேலை இல்லை’ என்று ஒதுங்கிப்போவதுதான் வருத்தமாக இருக்கிறது. ஆஜராவது இந்தத் தொழிலில் ஒரு சிறு பகுதி. ஆலோசனை சொல்வது, பத்திரம் வரைவது, மனுவைத் திருத்தமாக எழுதித் தருவது, பேசித் தீர்த்துவைப்பது ஆகியவையே பெரும்பகுதி.

அதிலும் முதலில் பழகவேண்டியது, தன் கட்சிக்காரர் யார் என்பதில் தெளிவாக இருப்பது. துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ மகன் தொலைபேசியில் அழைத்து, “சார், அத்தாவிடம் பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பீஸ் நான் அனுப்புகிறேன்” என்பார். பணம் அவருடையதாக இருந்தாலும் கட்சிக்காரர் அவருடைய தகப்பனார்தான். பிள்ளைகளை வெளியே உட்காரவைத்துவிட்டு முதியவரோடு தனியாகப் பேசி, எதை எழுதுகிறோம், எதை இழக்கிறோம் என்று அவருக்கு விளங்கியிருக்கிறதா எனப் பார்த்த பிறகே பேனாவைத் தொடவேண்டும். சட்டம் தெரிந்தவருக்கும் எளிதில் கைவராத பொறுமை இதற்குத் தேவை. அந்தப் பவர் பத்திரமும் பலர் நம்புவதுபோல் கடைசிவரை கைகொடுப்பதில்லை. ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த அதிகாரமும் முடிந்துவிடுகிறது. மறதி நோய் முற்றியவரின் பவரைக் கொண்டு நிலத்தை விற்றுவிட்டுப் பிறகு நீதிமன்றத்தில் அவதிப்படுபவர்கள் உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்போதே உயிலையும் மற்ற ஏற்பாடுகளையும் முடிக்கச் சொல்வது வழக்கறிஞரின் கடமை. நடக்க முடியாதவருக்குச் சார் பதிவாளரே வீட்டுக்கு வந்து பதிவு செய்ய 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாததால், ஆட்டோவில் படுக்கவைத்துத் தூக்கிவருகிறார்கள்.

காலம் கடந்து வருபவர்களுக்கும் வழி இல்லாமலில்லை. மனுவைப் பற்றிய அறிவிப்பு எதிர்தரப்புக்குக் கிடைத்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் தீர்ப்பாயம் ஜீவனாம்ச மனுவை முடிக்கவேண்டும், மேல்முறையீட்டை ஆட்சியரிடம் 60 நாட்களுக்குள் செய்யலாம். ஜீவனாம்சம் மாதத்துக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் என்று 2007-ல் வைத்த வரம்பை நீக்க 2019-ல் கொண்டுவந்த திருத்த மசோதா காலாவதியாகிப்போனது, நடுவண் அரசு கவனிக்கவேண்டிய விஷயம். மூக்கையூர், வாலிநோக்கம் போன்ற கடலாடி வட்டத்துக் கரையோர ஊர்க்காரர்கள் கோட்டாட்சியரைப் பார்க்கப் பரமக்குடி வரை போகவேண்டியிருப்பதையும் ஆட்சியர் கருத்தில் கொண்டு, சாயல்குடியில் அவ்வப்போது விசாரணை முகாம் நடத்தச் சொல்லலாம்.

நான் கேட்பது பெரிய செலவில்லாத ஓர் ஏற்பாடு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்களில் முதியோர் சட்டத்தில் நாட்டமுள்ள சிலரைத் தேர்ந்து, இராமேஸ்வரம், கீழக்கரை, திருவாடானை சார் பதிவாளர் அலுவலகங்களில் வாரம் ஒரு நாளாவது அமரச் செய்யவேண்டும். பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தரவேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டமே சொல்வதால், விதவைத் தாய்மார்களிடமிருந்து இதைத் தொடங்கத் தடையேதும் இல்லை. சுபமுகூர்த்த நாட்களில் கூட்டத்தைச் சமாளிக்கப் பதிவுத்துறை கூடுதல் டோக்கன் வழங்குகிறது. செட்டில்மென்ட் பத்திரங்கள் குவியும் அந்த நாட்களிலாவது வழக்கறிஞருக்கு ஒரு மேசையும், முதியவரோடு தனியாகப் பேச ஒரு சிறு அறையும் ஒதுக்கித் தருமாறு பதிவுத்துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
இராமநாதபுரம்.