விருது மேடை யார் வீட்டுச் சொத்து?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண்ணில் புரை எடுத்த பிறகு எழுதியது என்று எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. போன கடிதத்தில் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. சொன்னால் உனக்கு ரோஷம் வரும் என்று அப்போது வாயைத் திறக்கவில்லை.

எனக்கு முழங்கால்தான் தொல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. மற்றபடி குறையில்லை. பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். என் டிஸ்க் அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் போன்லயே வருமே தாத்தா, எதுக்கு இவ்வளவு வச்சிருக்கீங்க?" என்றாள். "போன்ல எக்ஸ்ட்ராஸ் வராதும்மா" என்று, படத்தோடு சேர்த்து டிஸ்க்கில் தரும் கூடுதல் காட்சிகளை நினைத்துப் பெருமையாகச் சொன்னேன். மறுநாளே உன் கடிதம் வந்து அந்தப் பெருமையில் ஓட்டை போட்டது.

புதுக் கண்ணோடு முதலில் பார்த்த படம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' என்கிறாய். எக்ஸ்ட்ராஸ் மெனுவை மூன்று தடவை மேலும் கீழும் தேடியும் ரஹ்மான் ஆஸ்கர் வாங்கும் காட்சி அகப்படவில்லை என்று பொருமியிருக்கிறாய். வெட்டிய காட்சிகள் இருக்கின்றன, இயக்குநர் டேனி பாயிலும் நடிகர் தேவ் படேலும் கமெண்டரியில் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வருகிறார்கள், ஆனால் எட்டு ஆஸ்கர் வாங்கிய அந்த ராத்திரி மட்டும் இல்லை. "அட்டையில் அவ்வளவு பெரிசாகப் போடத் தெரிந்தவனுக்கு உள்ளே ஒரு நிமிஷம் போட மனசு வரவில்லையா, என்ன கஞ்சத்தனம்!" இது உன் வாசகம். ஏழெட்டு வருஷம் டிஸ்க்குகளுக்கு சப்டைட்டில் போட்டுப் பிழைத்தவன் என்பதால் என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறாய். சரி, சாட்சி சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கைப் பார். விழா நடந்தது 2009 பிப்ரவரி 22. அமெரிக்காவில் டிஸ்க் வெளியானது மார்ச் 31. நடுவில் 37 நாள். அதற்குள் லட்சக்கணக்கில் டிஸ்க் அடித்து, பெட்டியில் போட்டு, கடைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அப்படியென்றால் டிஸ்க்கில் என்னென்ன இருக்கும் என்பது விழாவுக்கு வெகு முன்பே முடிவாகியிருக்கும். அட்டை என்பது காகிதம், கடைசி நேரத்தில்கூட மாற்றி அச்சடிக்கலாம். உள்ளே ஒரு நிமிஷம் சேர்த்தால் மெனு மாறும், சப்டைட்டில் மாறும், முழு டிஸ்க்கையும் முதலிலிருந்து ஓட்டிச் சோதிக்க வேண்டும். நீ திட்டிய விஷயத்துக்குப் பாதிக் காரணம் இதுதான்.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவசரம் மட்டுமே காரணமாக இருந்தால் இரண்டு வருஷம் கழித்து வரும் சிறப்புப் பதிப்பில் சேர்த்திருப்பார்களே! பெரும்பாலான படங்களுக்கு அதிலும் இருக்காது. இடப் பற்றாக்குறை என்று யாராவது சொன்னால் நம்பாதே. ப்ளூரேயில் 50 ஜிபி இருக்கிறது, அதில் ஒரு நிமிஷம் கடலில் கரைத்த பெருங்காயம்.

விஷயம் இவ்வளவுதான்: படம் ஸ்டூடியோவின் சொத்து. விழா, ஆஸ்கர் கொடுக்கும் அமைப்பான அகாடமியின் சொத்து. நம் பையன் பரிசு வாங்கினான் என்பதற்காகப் பள்ளிக்கூட மேடையை வீட்டுக்குத் தூக்கி வர முடியுமா?

1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் முதல் விழா நடந்தபோது கால் மணி நேரத்தில் விருது கொடுத்து முடித்துவிட்டார்கள். ஒலிபரப்பு, ஒளிபரப்பு எதுவும் கிடையாது. தொலைக்காட்சியில் முதன்முதலாக வந்தது 1953 மார்ச் 19. அன்று தொடங்கி அந்த ஒளிபரப்புதான் அகாடமிக்குக் கறவை மாடு. அவர்களுடைய வருமானத்தில் பெரும்பங்கு அதை விற்றுத்தான் வருகிறது. கறவை மாட்டை யாராவது தெருவில் அவிழ்த்து விடுவார்களா? பொம்மை விஷயத்திலேயே எவ்வளவு கெடுபிடி தெரியுமா? 1950-க்குப் பிறகு ஆஸ்கர் வாங்கியவர்கள் அந்தச் சிலையை விற்க நினைத்தால் முதலில் அகாடமிக்கே 1 டாலருக்குக் கொடுக்க முன்வர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். அதே சாயலில் விருதுப் பொம்மை செய்து விற்ற ஒரு கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுத்து, 1991-இல் மேல்முறையீட்டில் ஜெயித்தும் காட்டினார்கள். பொம்மைக்கே இப்படி என்றால் காட்சிக்கு எப்படி இருக்கும், நீயே யோசி.

சரி, அகாடமி பெரிய மனசு பண்ணி, காசை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டது என்றே வை. அப்போதுதான் உண்மையான தலைவலி ஆரம்பம். உனக்குப் பிடித்த அந்தக் காட்சியையே எடுத்துக்கொள். ஜாக் எஃப்ரானும் அலிஷா கீஸும் உறையைப் பிரிக்கிறார்கள். இரண்டு பேரும் இந்தப் படத்துக்குச் சம்பந்தமில்லாதவர்கள். அன்று டிவியில் தோன்றச் சம்மதித்தார்கள், இன்னொருவன் விற்கும் டிஸ்க்கில் தோன்ற அல்ல. வெற்றி பெற்றவர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் போட்டியாளர்களின் முகங்களைக் கட்டம் கட்டிக் காட்டுவார்களே, அதில் தோற்றுப்போய் சிரித்துக்கொண்டிருப்பவர்களும் இருப்பார்கள். தன் முகம் தொங்கிய நொடியை அடுத்தவன் வெற்றி டிஸ்க்கில் வைக்க எவன் மனசார ஒத்துக்கொள்வான்? போட்டிப் படங்களிலிருந்து துண்டுக் காட்சி காட்டியிருந்தால் அது இன்னொரு ஸ்டூடியோவின் சொத்து. நடந்து வரும்போது ஆர்கெஸ்ட்ரா வாசிக்கிறது. அந்த இசைக்கு ஒரு உரிமை, வாசித்தவர்களின் சங்கத்துக்கு ஒரு தொகை.

ரஹ்மான் பாடியதை மட்டும் வெட்டிப் போடலாமே என்று நீ கேட்பாய். அங்கேதான் வேடிக்கை. அன்று போட்டிப் பாடல்கள் மூன்றையும் ஒரே கதம்பமாக மேடை ஏற்றினார்கள். இரண்டு ரஹ்மானுடையவை, மூன்றாவது 'வால்-ஈ' படத்துப் பாடல், அதாவது டிஸ்னி வீட்டுப் பிள்ளை. ஜான் லெஜண்ட் அதைப் பாட, கடைசியில் 'ஜெய் ஹோ'வும் அதுவும் பின்னிப் பிணைந்துகொள்ளும். கேட்கச் சுகமாக இருந்தது. கத்தரிக்கோல் வைத்துப் பிரிக்கத்தான் முடியாது.

டிஸ்னி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1989 விழாவின் தொடக்கத்தில் ஸ்னோ ஒயிட் வேஷத்தில் ஒரு நடிகையை ஆடவிட்டார்கள். டிஸ்னியிடம் அனுமதி வாங்கவில்லை. விழா முடிந்த சூட்டோடு டிஸ்னி வழக்குப் போட்டது. அகாடமி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்ட பிறகுதான் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள். சட்டம் பேசும் அகாடமியே தன் சொந்த மேடையில் வழுக்கி விழுந்த கதை இது. அப்புறம் டிஸ்க் போடுகிறவனின் வக்கீல் பயப்படாமல் என்ன செய்வான்?

என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன், இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. ஆஸ்கர் அல்ல, சின்ன விருது. ஒரு ஆவணப்படத்துக்குக் கிடைத்தது. விழா நடத்தியவர்களின் காட்சி வேண்டாம், அவர்கள் கேட்ட தொகைக்கு இன்னொரு ஆவணப்படமே எடுக்கலாம் என்று, இயக்குநரின் தங்கை பார்வையாளர் வரிசையிலிருந்து எடுத்த கேமராப் பதிவை எடுத்துக்கொண்டோம். மொத்தம் 48 நொடி. நடுவில் முன் வரிசைக்காரரின் தலை பாதித் திரையை மறைக்கும். இயக்குநர் பையன் மைக்கைப் பிடித்துக்கொண்டு ஆறு நொடி பேசாமல் நிற்பான், அப்புறம் "அம்மா, டிவி பக்கத்துல உக்காந்திருப்பே, சத்தத்தைக் கூட்டு" என்பான். அந்த ஒரு வரிக்கு சப்டைட்டில் எங்கே வர வேண்டும், எங்கே மறைய வேண்டும் என்று ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பொருத்தினேன். முன்னால் வந்தால் அந்த மௌனம் கெட்டுவிடும், பின்னால் வந்தால் சிரிப்பு கெட்டுவிடும்.

டிஸ்க் வெளியிட்ட கம்பெனியின் வக்கீல் பார்த்தார். "பின்னணியில் அரங்க ஸ்பீக்கரில் ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறதே, அதற்கு அனுமதி எங்கே?" என்றார். பாட்டை மட்டும் நீக்க வழியில்லை, பேச்சும் பாட்டும் ஒரே மைக்கில் விழுந்திருக்கிறது. ஒலியை எடுத்துவிட்டு ஊமைப்படமாகப் போடலாமா என்று யோசித்தார்கள். அப்புறம் அந்த முன் வரிசைத் தலை யாருடையது என்று ஒரு கேள்வி வந்தது. கடைசியில் மொத்தத்தையும் தூக்கிவிட்டார்கள். எனக்கு ஒரு பைசா குறைக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் படமே இல்லாத ஒரு சப்டைட்டில் ஃபைல் இன்னமும் என் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. உள்ளே ஒரே ஒரு வரி.

இவ்வளவையும் மீறிச் சில டிஸ்க்குகளில் விழாக் காட்சி இருக்கத்தான் செய்கிறது. அவை எப்படி நுழைந்தன என்று பார்த்தால் உன் கேள்விக்கு இன்னும் தெளிவாகப் பதில் கிடைக்கும். உன் அலமாரியில் 'ஆல் அபவுட் ஈவ்' சிறப்புப் பதிப்பு இருந்தால் எடுத்துப் போட்டுப் பார். 1951 விழாவின் செய்திப்படத் துண்டு ஒன்று அதில் உண்டு. எப்படிக் கிடைத்தது? படம் ஃபாக்ஸ் ஸ்டூடியோவுடையது, செய்திப்படம் எடுத்த மூவிடோன் நிறுவனமும் ஃபாக்ஸுடையது. அப்போது விழா டிவிக்கு வரவில்லை, ஸ்டூடியோக்களின் செய்திப்படக் கேமராக்கள்தான் உள்ளே நின்றன. தன் வீட்டுக் கேமரா எடுத்ததைத் தன் வீட்டு டிஸ்க்கில் போட்டுக்கொண்டார்கள்.

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' சிறப்புப் பதிப்பிலும் கிரிகரி பெக் 1963-இல் விருது வாங்கிப் பேசுவது இருக்கிறது. சோஃபியா லாரன் கொடுக்க, மனுஷன் சுருக்கமாகப் பேசிவிட்டு இறங்கிவிடுவார். பிற்பாடு அவரே அகாடமிக்குத் தலைவராக இருந்தவர் என்பது உனக்குத் தெரிந்திருக்கும். அதனால்தான் அனுமதி கிடைத்தது என்று நான் சொல்லவில்லை, நீயாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது சத்யஜித் ராய் கதைதான். 1992-இல் அவருக்குக் கௌரவ ஆஸ்கர் அறிவித்து, விழாவில் காட்டுவதற்காக அவர் படங்களின் துண்டுகளைத் தேடினால், கிடைத்த பிரிண்டெல்லாம் பரிதாபமான நிலை. இவற்றைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் விழுந்தது. அடுத்த வருஷம் லண்டன் லேபில் தீப்பிடித்து 'பதேர் பாஞ்சாலி'யில் தொடங்கும் அவருடைய மூன்று அபு படங்களின் ஒரிஜினல் நெகட்டிவ்கள் கருகின. கருகினாலும் தூக்கிப் போடாமல் அகாடமி அவற்றைத் தன் காப்பகத்தில் வைத்திருந்தது. பல வருஷம் கழித்து டிஸ்க் வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனமும் அகாடமியும் சேர்ந்து, இத்தாலியில் போலோனா ஊர் லேபில் மீட்கக்கூடியதை ஃப்ரேம் ஃப்ரேமாக மீட்டு, மீதியை வேறு பிரதிகளிலிருந்து நிரப்பி, 2015-இல் டிஸ்க்காக வந்தது. அதன் எக்ஸ்ட்ராஸில் ராய் ஆஸ்கர் பெறும் காட்சி இருக்கிறது! இருக்காதா பின்னே? காட்சிக்கு உரிமைக்காரனே படத்தை மீட்டதில் பங்காளி. விழாவில் ஆரம்பித்த வேலை விழாக் காட்சியோடு டிஸ்க்கில் வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று. இப்போது அகாடமியே வெற்றியாளர்களின் பேச்சுகளை யூடியூபில் போட்டு வைத்திருக்கிறது. ரஹ்மான் 'எல்லாப் புகழும் இறைவனுக்கே' என்று தமிழில் சொல்லும் இடமும் தேடினால் கிடைக்கும். சும்மா கிடைப்பதற்கு எந்த டிஸ்க்காரன் இனிமேல் பத்துப் பேரிடம் கையெழுத்துக்கு அலைவான்? என் பேத்தி ஜெயித்துவிட்டாள், அவளிடம் சொல்லிவிடாதே.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஸ்டூடியோக்காரர்கள் பக்கம். விழாக் காட்சி இல்லாத எக்ஸ்ட்ராஸ் எனக்குக் குறையாகப் படுவதில்லை. வெட்டிய காட்சியில் ஏன் வெட்டினார்கள் என்று தெரியும், கமெண்டரியில் எங்கே தடுமாறினார்கள் என்று தெரியும். விழாவில் எல்லோரும் எல்லோருக்கும் நன்றி சொல்வார்கள், அவ்வளவுதான். ராய் மட்டும் விதிவிலக்கு.

அவர் கல்கத்தா ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி பேசியதைப் பதிவு செய்து விழாவில் காட்டினார்கள். சிலை கையில் இருக்கிறது, குரல் மட்டும் கணீரென்று. சின்ன வயதில் ஹாலிவுட் நடிகை டியானா டர்பினுக்குக் கடிதம் எழுதினாராம், மரியாதையாகப் பதில் வந்ததாம். இன்னொரு நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸுக்கு எழுதினாராம், பதில் இல்லை. இயக்குநர் பில்லி வைல்டருக்கு 12 பக்கம் எழுதினாராம், அதற்கும் பதில் இல்லை. ஹாலிவுட்டே கூடியிருந்த சபையில் இதைச் சொல்லிக்காட்டினார் மனுஷன். மாதம் திரும்புவதற்குள் போய்விட்டார்.

என் ப்ளேயரின் தட்டு இப்போது பாதி வரைதான் வருகிறது, மீதியை விரலால் இழுக்க வேண்டியிருக்கிறது. உன்னிடம் பழைய ப்ளேயர் ஒன்று சும்மா கிடப்பதாகச் சொன்ன ஞாபகம். ரிமோட்டும் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கண்ணுக்கு மருந்து விடுவதைப் பாதியில் நிறுத்தாதே, நீ செய்யக்கூடியவன்.

நான் எழுதியிருப்பது 12 பக்கம்கூட இல்லை. பதில் போடு.

உன்,
ராகவன்