மகளிர் பிரிவைக் கலைத்துவிடுங்கள்

சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வந்துவிட்டால் அழைப்பிதழ்கள் குவியும். சிவப்புப் பேனாவைக் கீழே வைத்த பிறகும் பழைய பழக்கம் விடவில்லை. வரி வரியாகப் படிக்கிறேன். தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை எல்லாம் ஆண்களுக்கு. தமிழ்த்தாய் வாழ்த்தும் நெறியாள்கையும் நன்றியுரையும் எங்களுக்கு. முனைவர் பட்டம் பெற்ற என் தோழியை ஓர் அழைப்பிதழ் வெறும் 'திருமதி' ஆக்கியிருந்தது. அதே தாளில் பட்டம் ஏதும் பெறாத ஒருவர் 'சொல்வேந்தர்'. யார் முடிசூட்டினார்களோ!

நம் பள்ளிகளில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண் முதல்வரையோ துறைத் தலைவரையோ பார்த்து யாரும் புருவம் உயர்த்துவதில்லை. வாரம் முழுவதும் ஒரு துறையை நடத்துகிறவள், சனிக்கிழமை மாலை உங்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் பன்னீர்ச்செம்போடு வாசலில் நிற்கிறாள்.

நானும் நின்றிருக்கிறேன். ஓர் அமைப்பின் மகளிர் பிரிவில் நான்கு ஆண்டுகள் இருந்தேன். கோலப் போட்டி, சமையல் போட்டி, பொங்கல். உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு விவாதப் பயிற்சி நடத்தலாம் என்றேன். "அதைச் செயற்குழு பார்த்துக்கொள்ளும், டீச்சர்" என்றார்கள். செயற்குழுவோ வார நாளில் இரவு எட்டு மணிக்குக் கூடும். பதினொன்றுக்கு முன் கலையாது. தலைவர் பதவி காலியானபோது என் பெயரை ஒருவர் சொன்னாராம். "பாவம், அவருக்கு வீடு, பிள்ளைகள் என்று சிரமமாக இருக்குமே" என்று இன்னொருவர் பரிவோடு மறுத்துவிட்டார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. மறுத்தவருக்கும் மூன்று பிள்ளைகள்.

அந்தப் பரிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. பெண் மருத்துவர்கள் குடும்பத்துக்காகப் பணியை விட்டுவிடுவார்கள் என்று சொல்லித்தான், 1979இல் மருத்துவப் படிப்பில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடமே என்று வரம்பு வைத்தார்கள். அது நீங்க 2003 ஆயிற்று. எத்தனை கெட்டிக்காரப் பெண்பிள்ளைகள் வேறு படிப்புக்குப் போயிருப்பார்கள்!

தனிப் பிரிவு இல்லாவிட்டால் பெண்கள் வரமாட்டார்கள் என்பீர்கள். ஒரு காலத்தில் அது உண்மைதான். ஆண்பிள்ளைகளோடு உட்கார வைக்கப் பெற்றோர் தயங்கிய நாளில், ராமகிருஷ்ண மிஷன் நடத்திய சாரதாமணி பெண்கள் பள்ளி இல்லையென்றால் என் அம்மா எழுத்துக் கூட்டியிருக்க மாட்டார். அந்தத் தனியிடத்துக்கு நான் கடன்பட்டவள். ஆனால் அங்கே அம்மாவுக்குக் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் மகளிர் பிரிவில் கரண்டிதான் கொடுக்கிறீர்கள்.

ஆகவே அதைக் கலைத்துவிட்டு அந்த உறுப்பினர்களைச் செயற்குழுவில் சேருங்கள். கூட்டத்தைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். வர இயலாதவர் காணொளியில் இணையட்டும். பத்தாண்டுக்கு மேல் ஒரே நாற்காலியில் இருப்பவர்கள் எழுந்து கொஞ்சம் நடப்பது முழங்காலுக்கும் நல்லது.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். என்னிடம் படித்து இப்போது தாய்மொழித் துறைத் தலைவராக இருக்கும் ஒருத்தியும் உடன் வருகிறாள். தலைவர் பதவிக்கான வேட்புமனுப் படிவம் ஒன்றை எடுத்து வையுங்கள். முன்மொழிபவர் கையெழுத்தை நான் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி