தண்டையார்பேட்டையிலிருந்து திருப்பூருக்கு

அன்புள்ள மச்சான்,

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, குளிக்கக்கூடப் போகாமல் உன் மெயிலைப் படித்தேன். இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது சீரியலில் யார் என்ன நகை போட்டிருக்கிறாள் என்றுகூடச் சொல்கிறார். மெட்ரோ விம்கோ நகர் வரைக்கும் வந்தும், ஹார்பருக்குப் போகிற கண்டெய்னர் லாரி வரிசை மட்டும் குறையவே இல்லை.

சரி, நீ கடைசியில் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதற்கு வருகிறேன். எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாய், கடைசி இரண்டு வைரல் லோடு ரிப்போர்ட்டிலும் வைரஸ் தென்படவில்லை என்று வந்திருக்கிறது, நான் தங்கச்சி என்று கூப்பிடுகிற உன் பெண்டாட்டிக்கு நெகட்டிவ், ஆனாலும் நீ ஹாலில் படுக்கிறாய், அவள் உள்ளே படுக்கிறாள். இதில் உன் மாமியார் வேறு ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று மாசம் தவறாமல் கேட்கிறாராம். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது, உன் மேல் இல்லை, ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து ‘நல்லா இருக்கு, மாத்திரையை விடாதீங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களே, அவர்கள் மேல். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ‘நல்லா இருக்கு’க்கு என்ன அர்த்தம் என்று நானாகத் தேடிப் படித்துத் தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆனது.

அர்த்தம் இதுதான்: உன்னிடமிருந்து உடலுறவு மூலமாக அவளுக்கு வராது. ‘வர வாய்ப்பு குறைவு’ என்று நான் சொல்லவில்லை, வராது.

ஒரு மில்லி ரத்தத்தில் எத்தனை வைரஸ் இருக்கிறது என்ற எண்ணிக்கைதான் வைரல் லோடு. தொற்றிய முதல் சில வாரங்களில் அது லட்சக்கணக்கில், சிலருக்குப் பத்து லட்சத்தையும் தாண்டிப் போகும். விந்துவிலும் அப்போது ஏராளமாக இருக்கும், அந்த ஆளுக்கோ தனக்கு இருப்பதே தெரியாது. உண்மையில் பயப்பட வேண்டியது அந்தக் கட்டத்துக்குத்தான். உகாண்டாவில் ராக்காய் என்ற மாவட்டத்தில், ஒருவருக்கு எச்ஐவி இருந்து துணைக்கு இல்லாத 415 ஜோடிகளைப் பார்த்து 2000-இல் ஒரு ஆய்வு வந்தது. எண்ணிக்கை 1,500-க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து ஒருத்தருக்கும் தொற்றவில்லை. அப்புறம் ஒன்பது நாடுகளில் 1,763 ஜோடிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வு, அதில் நம்ம சென்னையும் ஒரு மையம். சீக்கிரமே மருந்து ஆரம்பித்தால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் சொன்னார்கள். மீதி 4 சதவீதம் என்ன ஆனது என்றுதானே கேட்பாய்? நானும் அதைத்தான் தேடினேன். மருந்து சாப்பிடுகிறவரிடமிருந்து பரவிய சில பேரையும் கடைசி வரை தோண்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்று, மருந்து ஆரம்பித்த புதிதில் வைரஸ் இன்னும் அடங்காத நேரம். இல்லையென்றால் மருந்து வேலை செய்யாமல் போய் வைரஸ் மறுபடி ஏறிய நேரம். நிலையாக அடங்கி இருந்தவரிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

இதற்கு மேலும் வேண்டுமென்றால், ஐரோப்பாவில் ஆணும் ஆணுமாக வாழும் ஜோடிகளை மட்டும் வைத்து எடுத்த ஆய்வு 2019-இல் வந்தது. ஆணுறை இல்லாமல் சுமார் 76 ஆயிரம் தடவை, துணையிடமிருந்து தொற்றியது பூஜ்யம். சிலருக்கு வேறு பால்வினை நோய் இருந்தும் பூஜ்யம்தான். 2023-இல் உலக சுகாதார நிறுவனமே, வைரஸ் தென்படாத நிலையில் துணைக்குப் பரவும் அபாயம் இல்லை என்று எழுத்தில் கொடுத்துவிட்டது.

இதையெல்லாம் மருந்து கொடுக்கும் இடத்தில் நமக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சொல்லிவிட்டால் ஆணுறையைத் தூக்கிப் போட்டுவிடுவான், மாத்திரையையும் விட்டுவிடுவான் என்று பயம். என்னைக் கேட்டால் தலைகீழ். மாத்திரை போட்டால் பெண்டாட்டி பக்கத்தில் நிம்மதியாகப் படுக்கலாம் என்று தெரிந்த எவனும் மாத்திரையை மறக்க மாட்டான். நானெல்லாம் டப்பா குலுங்குகிற சத்தம் கேட்டு பக்கத்து வீட்டுக்காரன் கேட்பானோ என்று உள்ளே பஞ்சு வைத்து அடைத்துக்கொண்டு போனவன், ஆனாலும் இரவு ஒன்பது மணி அலாரம் ஒருநாளும் தப்பியதில்லை.

கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியதும் உண்டு. சிடி4, அதாவது நோய் எதிர்ப்புச் செல்களின் எண்ணிக்கை, நன்றாக இருக்கிறது என்பது வேறு, இது வேறு, நீ பார்க்க வேண்டியது வைரல் லோடு. மருந்து ஆரம்பித்து அடங்குவதற்கு ஆறு மாதம் வரைகூட ஆகலாம், அதை நீ எப்போதோ தாண்டிவிட்டாய். நடுவில் மருந்தை நிறுத்தினால் சில வாரத்திலேயே மறுபடி ஏறும், அதனால் ஊருக்குப் போகும்போது இரண்டு நாளுக்குக் கூடுதலாக எடுத்து வை. மேகவெட்டை, கிரந்தி மாதிரி மற்ற நோய்களை இந்த மாத்திரை தடுக்காது. ரத்த தானம் எப்போதும் கூடாது, நான் சொல்கிற பூஜ்யம் உடலுறவுக்கு மட்டும்தான்.

குழந்தை விஷயம். அந்தத் தனியார் கிளினிக்கில் விந்துவைக் கழுவித்தான் செய்யணும், லட்சக்கணக்கில் ஆகும் என்றார்களாமே. உன் நிலையில் இருக்கிறவனுக்கு வைரஸுக்காக அது தேவையே இல்லை, இயல்பாகவே முயற்சி பண்ணலாம். கடன் வாங்கித் தொலைக்காதே. முதலில் உனக்கு எச்ஐவி மருந்து கொடுக்கிற ஏஆர்டி மையத்து டாக்டரிடம் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போ, அவளுக்கும் ஒரு தடவை டெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள், அவள் கேட்க வேண்டியதை அவளே கேட்கட்டும். நீ வந்து சொன்னால் புருஷன் ஆசைக்குச் சொல்கிறான் என்றுதான் நினைப்பாள், அதில் தப்பும் இல்லை. எத்தனை விளக்கினாலும் அவளுக்குப் பயம் போகவில்லை என்றால் ஆணுறையோடு ஆரம்பியுங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. டாக்டரிடம் நேரம் கிடைக்கவில்லை என்றால் 1097 என்ற எச்ஐவி உதவி எண்ணுக்கு அவளையே போன் பண்ணச் சொல், இலவசம், பெயர் சொல்ல வேண்டாம்.

அடுத்த ரிப்போர்ட் வந்ததும் பெயரை மறைத்து ஒரு போட்டோ அனுப்பு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிகிறது, அதற்குப் பிறகு இரண்டு பேருமாகக் கிளம்பி வாருங்கள். அம்மா வேறு தங்கச்சியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உன்,
குமார்