அம்மாவின் மாத்திரை டப்பாவோடு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணி,

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை உங்கள் வீட்டில் கொண்டுவந்து விடுகிறேன். துணிமணி பெரிய விஷயமில்லை, மாத்திரை டப்பாதான் விஷயம். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இதே பாடு படுகிற மற்ற வீடுகளுக்கும் உதவட்டும் என்று எல்லோரும் படிக்கிற மாதிரியே எழுதுகிறேன்.

சுகருக்கு இரண்டு, பிரஷருக்கு ஒன்று, மறதிக்கு ராத்திரி டோனெபெசில். இவ்வளவுதான். ஆனால் போன வருஷம் ஒரு காலையில் அம்மா என்னைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டாள். நோய் முற்றிவிட்டது என்று அழுகையே வந்துவிட்டது. கையைப் பிடித்தால் ஜில்லென்று வேர்வை. சுகர் பார்த்தேன், 52. ரொம்ப இறங்கியிருந்தது. சுகரை இறக்குகிற கிளிமெபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டாச்சு என்று சொல்லியிருக்கிறாள். இட்லித் தட்டு ஜன்னலோரம் அப்படியே இருந்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து, ஒரு இட்லியாவது என் கண்முன்னால் உள்ளே போனால்தான் அந்த மாத்திரை. சாப்பிடாத வேளைக்கு அது வேண்டாம், இந்த வயதில் சுகர் கொஞ்சம் ஏறியிருந்தாலும் பரவாயில்லை, இறங்கத்தான் கூடாது என்று டாக்டரும் சொன்னார். அம்மா திடீரென்று குழம்பினால் "மறதிதானே" என்று விட்டுவிடாதீர்கள் அண்ணி. முதலில் சுகர் பாருங்கள். அப்புறம், புதிதாக என்ன மாத்திரை சேர்ந்தது என்று பாருங்கள்.

டோனெபெசில் ஆரம்பித்த பிறகு அம்மாவால் சிறுநீரை அடக்க முடியவில்லை. வேறொரு டாக்டர் அதற்கு ஆக்சிபியூட்டினின் எழுதினார். மூளையில் ஞாபகத்துக்கு உதவுகிற அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம் சீக்கிரம் சிதையாமல் காப்பது டோனெபெசில். அந்த அசிட்டைல்கோலினையே வேலை செய்யவிடாமல் தடுப்பது ஆக்சிபியூட்டினின். அம்மாவுக்கு வாய் வறண்டது, ராத்திரியெல்லாம் யாரோ வந்திருப்பதாகப் பேச்சு. மறதிக்குப் பார்க்கிற டாக்டர் இரண்டு சீட்டையும் ஒன்றாகப் பார்த்த பிறகுதான் ஆக்சிபியூட்டினினை நிறுத்தினார். சளிக்கு, அரிப்புக்கு என்று கடையில் கொடுக்கிற அவில் மாத்திரையும் இதே ரகம். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பாருங்கள். எங்களுக்குச் சில்லறை முடிந்து வைத்த அதே முடிச்சில் ஒருநாள் நான்கு பிரஷர் மாத்திரை இருந்தது, எச்சில் ஈரத்தில் கரைந்து புடவையில் ஒட்டிக்கொண்டு. பிரஷர் இறங்கவில்லையே என்று டோஸை ஏற்ற இருந்தார்கள். விழுங்குகிற வரை பக்கத்திலேயே இருங்கள். பொடித்துத் தயிரில் கலந்துவிடலாமே என்று தோன்றும். சுகருக்கான இன்னொரு மாத்திரை, மெட்ஃபார்மின் எஸ்.ஆர்., அதைப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும். அடம்பிடித்தால் விட்டுவிடுங்கள், அரை மணி கழித்துக் கேட்டால் வாங்கிக்கொள்வாள்.

சீட்டுகளின் நகல் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிறு காலை மாத்திரையை நானே கொடுத்துவிட்டு அழைத்து வருகிறேன். ராத்திரிக்கு உள்ளது உங்கள் கையால்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்